பிள்ளையைத் தூக்குவது யார்

பிர்க்கன்ரோடே, 2 ஆகஸ்ட் 1960

அன்புள்ள சின்னத்தம்பிக்கு,

ஹெட்விக் பெற்றுவிட்டாள். ஏழாவதும் பையன்தான். இந்தத் தடவை பெண் என்று அவள் அடித்துச் சொன்னாள். பூப்போட்ட சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள். அதையே இவனுக்கு மாட்டிவிட்டோம், அவன் ஆட்சேபிக்கவில்லை. தாயும் பிள்ளையும் நலம். நீ அனுப்பிய காப்பிப்பொடி வந்து சேர்ந்தது. பொட்டலம் பிரித்துத்தான் இருந்தது, ஆனால் குறையவில்லை. இந்தக் கடிதத்தைத் தபால் நிலையத்தில் உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் புண்ணியவானுக்கும் என் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பையனின் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனாக இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஞானத்தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு. ஹெட்விக்கின் நான்கு தம்பிகள் பெயரையும் தீர்த்துவிட்டேன். நம் வீட்டில் மூன்று பேர் ரஷ்யாவிலிருந்து திரும்பவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேர் பெயரையும் என் பையன்கள் போட்டுக்கொண்டு சேற்றில் புரள்கிறார்கள். நீ மட்டும்தான் பாக்கி.

சொல்லாமல் எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்குப் போனவன், இங்கே கால் வைத்தால் உள்ளே போட்டுவிடுவார்கள், தெரியும். நீ வர வேண்டாம். உனக்குப் பதிலாக ஒருவர் நின்று பிள்ளையைத் தூக்கினால் போதும் என்கிறார் பங்குச்சாமியார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்த மறுநாளே மாவட்ட அலுவலகத்திலிருந்து தோழர் ஸ்ட்ரோபெல் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். ஏழாவது பிள்ளைக்குக் குடியரசுத் தலைவர் வில்ஹெல்ம் பீக்கே கௌரவ ஞானத்தகப்பனாக இருப்பாராம். சான்றிதழ் வரும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் புதுக் குடியிருப்பில் நான்கு அறை வீடு கிடைக்க அவர் பேசிப் பார்ப்பாராம். “பேரையும் வில்ஹெல்ம்னே வெச்சிட்டீங்கன்னா மேல இருக்கறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்” என்றார். இப்போது இரண்டு அறையில் ஒன்பது பேர் இருக்கிறோம், அப்பா சமையலறையில் படுக்கிறார். ஹெட்விக் அந்த நான்கு அறையைக் கனவிலேயே பெருக்கி மெழுகிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நாட்டின் தலைவரை ஞானத்தகப்பனாக்கிக்கொண்ட கூத்து நம் வீட்டில் ஏற்கனவே இரண்டு முறை நடந்தாயிற்று. மூன்றாவது முறை வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்
ஆல்ஃபோன்ஸ்


காஸல், 11 ஆகஸ்ட் 1960

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு என் வாழ்த்து. சாக்லெட் அனுப்பியிருக்கிறேன், பெரியவன்கள் கையில் கிடைக்காமல் ஒளித்து வைக்கச் சொல்.

ஞானத்தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். என் பெயர் என்ன என்று யோசித்தாயா? நீங்கள் எல்லோரும் சின்னவன், சின்னவன் என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டீர்கள். பங்குச்சாமியாரின் பதிவேட்டில் நான் அடோல்ஃப் லாம்பர்ட். நாட்டின் தலைவர் ஹிட்லர் எனக்கு ஞானத்தகப்பன். அவருக்குப் பதிலாகக் கட்சிக்காரர் ஒருவர் பூட்ஸ் காலோடு கோயிலில் நின்று என்னைத் தூக்கினார் என்று நீதானே சொன்னாய்.

அப்பா கதை வேறு. அவர் ஏழாவது மகனாகப் பிறந்தபோது சக்கரவர்த்தி கெய்சர் ஞானத்தகப்பன். வில்ஹெல்ம் என்று பெயரும் வெள்ளிக் கோப்பையும் கிடைத்தன. கெய்சர் ஹாலந்துக்கு ஓடினார், கோப்பை பஞ்ச காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டையாக மாறியது, பெயர் மட்டும் கெடாமல் நின்றது. எனக்கு வந்த சான்றிதழை அப்பா பன்றிக்கொட்டகையில் புதைத்தார். பெயரைப் புதைக்க முடியவில்லை.

நவம்பரில் எனக்கும் இர்ம்கார்டுக்கும் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் என் முழுப் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். இர்ம்கார்டின் அப்பா அந்த ஆள் ஆட்சியில் மூன்று வருடம் சிறையில் கிடந்தவர். அவருக்கு நான் லாம்பர்ட் மட்டும்தான். முதல் பெயரை நீக்கச் சொல்லி இங்கே பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். “இந்தப் பேருல ஊர் முழுக்க ஆள் இருக்காங்க, அவங்கல்லாம் சமாளிக்கலையா?” என்று அந்த அதிகாரி கேட்டார். அவர் பெயர் ஹான்ஸ்.

எனக்கு நினைவு தெரிந்து அப்பா என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேய் என்பார், சின்னவன் என்பார். நான் புறப்பட்ட அன்று அதுவும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் ஒரு பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்க என்ன பெயரை வைத்திருக்கிறேன்? என்னை விட்டுவிடு அண்ணா.

உன் தம்பி


பிர்க்கன்ரோடே, 24 ஆகஸ்ட் 1960

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹெட்விக் படித்துவிட்டு அழுதாள், நான் படித்துவிட்டுப் பால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு ஊரில் பால் கேனை மாற்றி இறக்கினேன்.

நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், சரி. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விண்ணப்பம் பெர்லினுக்குப் போய்விட்டது. பெயர் வில்ஹெல்ம். ஒரு விதத்தில் இது கெட்டிக்காரத்தனம்தான் என்று வைத்துக்கொள். கெய்சரும் வில்ஹெல்ம், இப்போதைய தலைவர் பீக்கும் வில்ஹெல்ம், நம் அப்பாவும் வில்ஹெல்ம். நாளைக்கு யார் வந்து யார் பெயர் இது என்று கேட்டாலும் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

சான்றிதழ் வந்த பிறகு ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறோம். பிறந்த பதினைந்து நாளுக்குள் தண்ணீர் ஊற்றிவிடுகிற ஊரில் இது பெரிய பேச்சாகிவிட்டது. போகிற வருகிற கிழவிகளெல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்து, பேர் வைத்தாயிற்றா என்று கேட்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. “இன்னொருத்தரா?” என்றார். மறுபடி உரிக்க ஆரம்பித்தார். 

எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. பெயருக்காக ஒரு பிள்ளையையே வேண்டாம் என்கிறாயே. அங்கே உனக்குத் தனி அறை, தனிக் குழாய். இங்கே ஒருவன் புரண்டால் நான்கு பேர் எழுந்துகொள்ள வேண்டும்.

ஆல்ஃபோன்ஸ்


காஸல், 4 செப்டம்பர் 1960

அண்ணனுக்கு,

நான்கு அறை வீட்டுக்கு என் வாழ்த்துகள்.

வில்ஹெல்ம் என்றால் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாய். நான் பிறந்தபோதும் எவரோ இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். ஆளுகிறவர் பெயர், ஆயுசுக்கும் பாதுகாப்பு என்று. பதினோரு வயதில் அந்தப் பெயரோடு நான் பள்ளிக்கூடம் போனதை நீ பார்க்கவில்லை. நீ அப்போது போர்க்கைதிகள் முகாமில் இருந்தாய். முன்பு பெருமையாகக் கூப்பிட்ட அதே வாத்தியார் அந்த வருடம் வருகைப் பதிவில் என் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். நான் வகுப்பில் இருந்தும் இல்லாதவன்.

ஒரே ஒரு கேள்விதான். அப்பா எதற்காக அதைச் செய்தார்? அவர் கட்சிக்காரர் இல்லை, கொடி தூக்கியவரும் இல்லை. கெய்சர் கொடுத்த கோப்பை போல இன்னொரு கோப்பை கிடைக்கும் என்ற ஆசையா? நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருபத்தாறு வயதாகிறது எனக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் அவர்மேல் வெறுப்பாகத்தான் இருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன். இருந்தாலும் அனுப்புகிறேன்.

உன் தம்பி


பிர்க்கன்ரோடே, 18 செப்டம்பர் 1960

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

குடியரசுத் தலைவர் ஏழாம் தேதி காலமாகிவிட்டார். உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கும். சில நாளில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். இனி ஒரு ஆள் கிடையாது, அரசு மன்றம் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து நாட்டின் தலைவர். நான் பால் இறக்கப் போனபோது ஸ்ட்ரோபெல் என்னைப் பிடித்துக்கொண்டார். “கவலையே படாதீங்க, உங்க விண்ணப்பத்தை அப்படியே மன்றத்துக்கு மாத்திட்டாங்க. நீங்க மறுபடி எழுதக்கூட வேண்டாம்” என்றார். அப்படியானால் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, மன்றத்துக்குப் பெயர் இல்லையே என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. மன்றத் தலைவர் பெயர் வால்ட்டர், அது நல்ல பெயர்தானே என்றார்.

வீட்டுக்கு வந்து இதை ஹெட்விக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அப்பா எழுந்து நின்றார். “மாத்திட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  பிறகு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை, சத்தியம்.

நீ பிறந்தது 1934 ஜூலை. அப்பா விண்ணப்பம் எழுதியது ஹிண்டன்பர்க்குக்கு. அப்போது அவர்தான் குடியரசுத் தலைவர், கெய்சரின் பழைய தளபதி, அப்பா அவர் படையில் சண்டை போட்டவர். அவர் பெயரையே வைத்து உனக்குப் பவுல் என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்து தொட்டில் துணியில் எழுத்துக்கூடப் பின்னியாயிற்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் கிழவர் செத்துப்போனார். அன்றைக்கே அந்தப் பதவியை எடுத்து, ஏற்கனவே பிரதமராக இருந்த ஆளின் பதவியோடு சேர்த்துவிட்டார்கள். சில வாரத்தில் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. உங்கள் விண்ணப்பம் புதிய தலைவருக்கு மாற்றப்பட்டது, அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார், பெயர் இன்னது.

“நான் நாற்காலிக்கு எழுதலடா, ஆளுக்குத்தான் எழுதினேன்” என்றார் அப்பா. “அவங்க நாற்காலிய வெச்சுப் பேர மாத்திட்டாங்க.”

அன்றைக்கு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறார். பஸ் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். “ஏறலாமேன்னு நெனச்சேன். வீட்ல ஏழு பிள்ளைங்க. கண்டக்டர் கேட்டான், வர்றீங்களா இல்லையான்னு. இல்லன்னுட்டேன்.” லாம்பர்ட் என்று அம்மாவின் அப்பா பெயரைப் பின்னால் சேர்த்ததுதான் அவரால் முடிந்ததாம். உன் முதல் பெயரைச் சொல்ல நா எழவில்லை, இரண்டாவதைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாராம். அதனால்தான் சின்னவன்.

மறுநாள் காலையில் அப்பாவைக் காணோம். ஆணியில் கறுப்புக் கோட்டும் இல்லை. பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார்.

மாவட்ட அலுவலகத்தில் நடந்ததை ஸ்ட்ரோபெல்லே வந்து என்னிடம் கொட்டினார், பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு. அப்பா அவர் மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “நாங்க எழுதின ஆளு செத்துட்டாரு. கடுதாசியத் திருப்பிக் கொடுங்க” என்றாராம். பெரியவரே, மொத்த மன்றமும் உங்கள் பேரனுக்கு ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறது, எவ்வளவு பெரிய கௌரவம் என்று இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

“இருபது பேரு நின்னா பிள்ளையத் தூக்குறது யாரு?” என்று கேட்டிருக்கிறார் அப்பா.

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த நாற்காலியை விட்டு எழவில்லையாம். கடைசியில் ஸ்ட்ரோபெல் பெர்லினுக்குப் போன் போட்டு, விண்ணப்பத்தை நிறுத்தும்படி சொல்லிவிட்டார். வீடு விஷயம் இனி தன் கையில் இல்லை என்று போகும்போது சொன்னார். ஹெட்விக் கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினாள். ஆனால் அப்பாவின் தட்டில் பெரிய தொத்திறைச்சித் துண்டாக எடுத்து வைத்தவளும் அவள்தான்.

பையனுக்கு இன்னும் பெயர் இல்லை. இனி உன் இஷ்டம்.

உன் அண்ணன்
ஆல்ஃபோன்ஸ்


காஸல், 27 செப்டம்பர் 1960

அண்ணா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

அப்பா நிஜமாகவே பஸ்ஸில் போனாரா? ஸ்ட்ரோபெல் முன்னால் உட்கார்ந்திருந்தாரா? அவருக்குச் சங்கடம் எதுவும் வரவில்லையே? வந்தால் என்னிடம் மறைக்காதே. தொட்டில் துணியில் பவுல் என்று பின்னியிருந்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேலை செய்யும்போது வெல்டிங் முகமூடிக்குள்ளேயே அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அந்த வேலையில் அது ஒரு வசதி.

பவுலாக இருந்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்று யோசித்தேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்க மாட்டேன். இதே ரயில்பெட்டித் தொழிற்சாலையில்தான் இருந்திருப்பேன்.

ஞானத்தகப்பனாக இருக்கிறேன். ஆனால் பிள்ளைக்கு லாம்பர்ட் என்று மட்டும் வைக்க வேண்டும். வழக்கப்படி முதல் பெயர்தான் என்று எவனாவது வாயைத் திறந்தால் நீ பார்த்துக்கொள். எனக்குப் பதிலாக யார் தூக்குவது என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. உனக்குத் தெரியும்.

அண்ணியிடம் நான்கு அறைக்காக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிர்க்கன்ரோடே, 17 அக்டோபர் 1960

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஞானஸ்நானம் முடிந்தது. இரண்டரை மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதால் ஊரே வந்திருந்தது. அங்கி சிறிதாகிவிட்டது, ஹெட்விக் பின்பக்கம் பிரித்து ஊசி குத்திவிட்டாள். ஸ்ட்ரோபெல்கூட வந்திருந்தார். கட்சிக்காரர் கோயிலுக்குள் வர முடியாதே, வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தார். பெயர் சொல்லும் நேரத்தில் அந்தத் துணி நின்றுவிட்டது என்று என் பெரியவன் சொன்னான்.

அப்பாதான் தூக்கினார். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் பங்குச்சாமியார், யாருக்குப் பதிலாக நிற்கிறாய் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்பா பிள்ளையைப் பார்த்தார்.  பின்வரிசையில் இருமல் எல்லாம்கூட நின்றுபோயிற்று. முப்பத்துநான்கில் அதே தொட்டிக்குப் பக்கத்தில் பூட்ஸ் சத்தத்தோடு அந்தப் பெயர் விழுந்தபோது பதின்மூன்று வயதுப் பையனாக நின்று கேட்டவன் நான். 

“லாம்பர்ட்டுக்காக” என்றார் அப்பா.

பங்குச்சாமியாருக்குக் காது மந்தம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கையைக் காதில் வைத்துக்கொண்டு, “யாருக்காக?” என்று திரும்பக் கேட்டார்.

“லாம்பர்ட்டுக்காக. என் மகன் லாம்பர்ட்டுக்காக.” கோயில் முழுக்க எதிரொலித்தது. பிள்ளை விழித்துக்கொண்டு வீலென்று கத்தினான். ஸ்ட்ரோபெல்லுக்கும் கேட்டிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் பாலாடைக் கேக் சாப்பிட்டுவிட்டு அப்பா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லாம்பர்ட், லாம்பர்ட் என்று காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஹெட்விக் சொல்கிறாள், இருபத்தாறு வருடப் பாக்கியை ஒரே நாளில் தீர்க்கிறார் என்று. அவருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. வீடு பக்கத்து ஊர்க்காரனுக்குப் போய்விட்டது. நான் சமையலறையில் பலகை அடித்து அப்பாவுக்கு ஒரு மறைப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுத்தியல் சத்தம்தான் உனக்கு இந்தக் கடிதத்தில் வாழ்த்து.

உன் அண்ணன்
ஆல்ஃபோன்ஸ்


காஸல், 31 அக்டோபர் 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை கடிதம் உங்களுக்குத்தான். அண்ணனைப் படிக்கச் சொல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

அண்ணன் தந்தியில் தேதி சொல்லியிருந்ததால், ஞானஸ்நானத்தன்று விடியற்காலை ரயிலில் கிளம்பி, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள குன்றில் ஏறி நின்றேன். நம் கோயில் கோபுரம் அங்கிருந்து தெரியும் என்றார்கள். ஒரே மூடுபனி. மணிச்சத்தம் கேட்டது. அது நம் ஊர் மணியா, இந்தப் பக்கத்து ஊர் மணியா என்று தெரியவில்லை. நம் ஊர் மணி என்றே வைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினேன்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அறிவிப்பைத் தள்ளிப்போட முடியாது, அதனால் கோயிலில் படிப்பதற்கு முன்னால் நானே இர்ம்கார்டின் அப்பாவிடம் போய் என் முழுப் பெயரைச் சொன்னேன். உங்கள் பஸ் கதையையும் சொன்னேன். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். பிறகு, “நான் உள்ள போனது ஒரு தடவ. அதுக்கு முன்னாடி எத்தன பஸ்ஸ விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்” என்றார். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அறிவிப்பன்று கோயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பெயர் படிக்கும்போது யாரோ திரும்பிப் பார்த்தார்கள். இவர் அவர்களைத் திருப்பிப் பார்த்தார்.

கல்யாணம் நவம்பர் கடைசி சனிக்கிழமை. வயதானவர்களுக்கு இந்தப் பக்கம் வர அனுமதி கிடைக்கிறது என்று கேள்விப்படுகிறேன். ஸ்ட்ரோபெல்லிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது.

பங்குச்சாமியாருக்கு மட்டும் காது மந்தம் என்று நினைக்காதீர்கள், எனக்கும்தான். அண்ணன் எழுதிப் படித்தது போதவில்லை. நேரில் வந்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் மகன்
லாம்பர்ட்